செட்டிநாட்டுக் கொட்டான்: முடைதல் அறிவும் மரபுரிமை வரையறையும்

ஆய்வுச் சுருக்கம்

பனையோலை, மூங்கில், நார் ஆகியவற்றால் கலம் முடைவது தமிழரின் புழங்குபொருள் பண்பாட்டில் தொன்மையான ஒரு கூறு. அம்மரபில் வந்த செட்டிநாட்டுக் கொட்டான் இன்று புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருளாக அறியப்படுகிறது. முடைகலங்களின் பெயர் வழக்கு, சங்கப் பாடல்கள் காட்டும் வட்டி, ஓலைப்பெட்டியின் முடைதல் முறை ஆகியவற்றின் பின்னணியில் கொட்டானின் மரபை இக்கட்டுரை விளக்குகிறது. பொருளைக் காக்கும் சட்ட வரையறைக்கும் அறிவைக் காக்கும் பண்பாட்டு வரையறைக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும், அவ்வேறுபாட்டால் விடுபடுவோர் யார் என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கொட்டான், பனையோலை, முடைதல், வட்டி, புழங்குபொருள் பண்பாடு, புவிசார் குறியீடு, மரபுரிமை

முன்னுரை

மண்கலம் உடைந்தால் ஓடு எஞ்சும். ஓலைப்பெட்டி மக்கினால் எதுவும் எஞ்சுவதில்லை. அகழாய்வுகளில் பானை பெறும் இடத்தைக் கூடை பெறாமைக்கு இதுவே முதற்காரணம். பலுசிஸ்தானத்தின் மெஹர்கரில், மட்கலம் தோன்றுவதற்கு முற்பட்ட அடுக்குகளிலேயே நிலக்கீல் பூசிய கூடைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. காஷ்மீரத்தின் புர்சஹோமில் கிடைத்த பானைகளின் அடிப்புறத்தில் பாயின் பின்னல் பதிந்துள்ளது. நிலக்கீலோ களிமண்ணோ தற்செயலாகக் காத்துத் தந்தாலன்றி முடைபொருள் மண்ணில் நிலைப்பதில்லை. ஈரமும் வெப்பமும் கறையானும் மிகுந்த தமிழ் நிலத்தில் இந்நிலை மேலும் கடுமையானது. எனவே தமிழகத்து முடைகலையை ஆராய்வோர் அகழாய்வுக் குழிகளைக் காட்டிலும் வழக்குச் சொற்களையும் இலக்கியத்தையும் இன்று முடைவோரின் செய்முறையையும் நம்ப வேண்டியவராகின்றனர்.

முடைகலங்கள் பலவற்றுள் செட்டிநாட்டுக் கொட்டானை இக்கட்டுரை தேர்ந்துகொள்வதற்குத் தனிக் காரணம் உண்டு. வழக்கிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோன பின் மீட்கப்பட்டு, சட்டப் பாதுகாப்பும் பெற்ற பொருள் அது. அம்மீட்பின்போது அதை முடைந்த கைகள் மாறின. பொருள் அதுவாகவே இருக்க, முடைவோர் வேறானபோது மரபு தொடர்கிறதா என்னும் வினா இங்கு எழுகிறது. அவ்வினாவுக்கு விடை காண, முதலில் முடைதல் என்பது எத்தகைய அறிவு என்பதைத் தெளிதல் வேண்டும்.

பெயர்களில் அமைந்த பகுப்பு

கூடை என்பது பொதுச்சொல்லாக இன்று நின்றுவிட்டது. ஆயினும் ஊர்ப்புற வழக்கில் ஒவ்வொரு முடைகலத்திற்கும் தனிப்பெயர் உண்டு. அப்பெயர்கள் மூலப்பொருளையோ பயனையோ அளவையோ குறித்து நிற்கின்றன. சோறு வடிப்பதற்கு அன்னக்கூடை, ஏற்றமில்லா இடத்தில் இருவர் எதிரெதிர் நின்று நீர் இறைப்பதற்கு இறைகூடை, கோழி கவிழ்ப்பதற்குப் பஞ்சாரம், மீன் பிடிப்பதற்குப் பறி, புடைப்பதற்கு முறம் அல்லது சுளகு, பெருஞ்சுமைக்குக் கடகம் என இப்பகுப்பு விரிகிறது. பனைமட்டையின் நாரால் செய்வது நார்ப்பெட்டி. ஓலையால் செய்வது ஓலைப்பெட்டி. யாழ்ப்பாணத்தில் பிட்டு அவிக்கும் கூம்பு வடிவப் பனையோலைக் கலம் நீத்துப்பெட்டி எனப்படும். பனங்கட்டி வார்க்கும் சிறு ஓலைக்கலம் அங்குக் குட்டான் எனப்படும். இவ்வாறு பட்டியலிட்டால் பெயர்கள் பல பக்கம் நீளும். அவற்றுள் பல இன்று அகராதியில் மட்டுமே உள்ளன.

பெயர்களைக் காட்டிலும் வினைச்சொற்கள் கூடுதலாகக் கவனிக்கத்தக்கவை. கூடை முடையப்படுகிறது, பாயும் கிடுகும் பின்னப்படுகின்றன, முறம் கட்டப்படுகிறது, யாழ்ப்பாண வழக்கில் பெட்டி இழைக்கப்படுகிறது, கடகம் பொத்தப்படுகிறது. இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஓலை இழைகளை ஒன்றன் மேலும் கீழுமாகச் செலுத்துவது இழைத்தல். இழைத்த பெட்டியின் மேல் நாரைப் போர்த்தித் தைத்து வலுவூட்டுவது பொத்துதல். முறத்தில் பின்னலைவிட அதனைச் சட்டத்தோடு பிணைக்கும் கட்டே முதன்மை பெறுகிறது. செய்கையின் எந்தப் படி கலத்திற்கு உயிரானதோ அந்தப் படியையே வினைச்சொல் பிடித்து வைத்திருக்கிறது. கைவினை அறிவு எழுதப்படாதது என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. எழுதப்படாவிடினும் அது சொல்லில் பகுத்து வைக்கப்பட்டிருந்தது என்பதே பொருத்தம். எல்லாவற்றையும் கூடை பின்னுதல் என்று சொல்லத் தொடங்கும்போது அப்பகுப்பு மங்குகிறது.

பாடல்கள் காட்டும் வட்டி

சங்க இலக்கியத்தில் முடைகலங்கள் உவமையாகவும் காட்சியாகவும் இடம்பெறுகின்றன. யானையின் காதுக்கு முறம் உவமையாகிறது. புறநானூற்றின் 321ஆம் பாடலில் வெள்ளெள் சுளகில் உலர்கிறது. 177ஆம் பாடல் பனையோலைக் குடையில் உணவு கொள்வதைக் காட்டுகிறது. இவற்றுள் கொட்டானின் பண்பாட்டுப் பொருளோடு ஒப்பிட்டுக் காணத்தக்கது வட்டி என்னும் கலமாகும்.

ஐங்குறுநூற்றின் மருதத்திணைப் பகுதியில் 47, 48 ஆகிய பாடல்களில் பாண்மகள் வட்டியில் மீன் கொணர்கிறாள். முதற்பாடலில் கெடிற்று மீனைச் சொரிந்த அகன்ற வட்டியை மனையோள் பயறு கொண்டு நிறைக்கிறாள். அடுத்த பாடலில் வரால் சொரிந்த வட்டியில் பழைய வெண்ணெல் இடப்படுகிறது. இக்காட்சிகள் தலைவனின் ஒழுக்கத்தைச் சுட்டும் குறிப்புப் பொருளுக்காக அமைந்தவை. பண்டமாற்றை ஆவணப்படுத்துவது புலவரின் நோக்கமன்று. இருப்பினும் குறிப்புப் பொருள் கேட்போர்க்குப் புலப்பட வேண்டுமாயின் காட்சி அவர்கள் அறிந்த நடைமுறையாக இருத்தல் வேண்டும். அந்நடைமுறையில் வட்டி வெறும் சுமைக்கலமன்று. மீன் கொணர்ந்த அதே கலம் பயறோ நெல்லோ ஏந்தித் திரும்புகிறது. கொடுப்பவளுக்கும் பெறுபவளுக்கும் இடையே அளவும் கலமும் அதுவே. நற்றிணை 97ஆம் பாடலில் வண்டு சூழும் பூவட்டியோடு உழவர் மகள் தெருவில் திரிவதையும் இதனோடு வைத்து எண்ணலாம். மூன்று பாடல்களிலும் கலத்தை ஏந்தி வருவோர் பெண்கள். ஐங்குறுநூற்றுப் பாடல்களில் அதனை நிறைத்து அனுப்புபவளும் பெண்ணே.

பிறர் வீட்டிலிருந்து பண்டம் வந்த கலத்தை வெறுமனே திருப்பி அனுப்பாத வழக்கம் இன்றும் தமிழ் வீடுகளில் உண்டு. சிறிது சர்க்கரையோ இரண்டு பழமோ இட்டே கலம் திரும்பும். சங்கக் காட்சிக்கும் இவ்வழக்கத்திற்கும் நேர்க்கோட்டுத் தொடர்ச்சி கற்பிக்கச் சான்று போதாது. முன்னது பண்டமாற்று, பின்னது உறவுமுறை. எனினும் கலம் இரு வீடுகளுக்கு இடையே நடமாடும் பொருள் என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவானது. கொட்டானின் பயன்பாடு இக்கருத்தின் மேல்தான் எழுந்தது.

அடியில் தீர்மானமாகும் கொள்ளளவு

ஓலைப்பெட்டியை ஊன்றிக் காண்போர்க்கு ஒரு வியப்பு உண்டாகும். அதன் அடி சதுரம், வாய் வட்டம். கொட்டானும் இவ்வடிவினதே. இவ்வடிவம் அழகுக்காகத் தேர்ந்துகொண்டதன்று, முடைதல் முறையின் விளைவு.

மூங்கிற் கூடையில் அடியிலிருந்து எழும் பத்தைகள் நிலைக்குத்தாக நிற்க, புதிய பத்தைகளைக் கிடையாகச் சுற்றி முடைந்து சுவர் எழுப்புவர். நிற்பன வேறு, சுற்றுவன வேறு. ஓலைப்பெட்டிகள் பலவற்றில் இவ்வேறுபாடு இல்லை. குறுக்கும் நெடுக்குமாக இழைகளை இட்டு முதலில் ஒரு சதுரப் பின்னல் அமைக்கப்படும். பின்னர் அச்சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் இடப்புற இழைகளையும் வலப்புற இழைகளையும் ஒன்றோடொன்று குறுக்கிட்டுப் பின்னினால் அவ்விடம் மடிந்து மூலையாக எழும். நான்கு பக்கங்களிலும் இவ்வாறு செய்யச் சுவர் தானே உயர்கிறது. சுவருக்கெனப் புதிய இழை சேர்ப்பதில்லை. அடியிலிருந்து வந்த இழைகளே ஒரு பாதி இடப்புறம் சாய்ந்தும் மறுபாதி வலப்புறம் சாய்ந்தும் ஏறுகின்றன. சாய்வாக ஏறும் பின்னலுக்கு விறைத்த மூலை கிடையாது. ஆகவே மேலே செல்லச் செல்லச் சதுரம் நெகிழ்ந்து வட்டமாகிறது.

இதனால் விளைவது ஒன்றுண்டு. அடியில் எத்தனை இழை இடுவது என்பதைத் தீர்மானித்த அக்கணமே பெட்டியின் வாயகலம் தீர்மானமாகிவிடுகிறது. ஒரே அகல இழைகளைக் கொண்டு எண்ணிக்கையை இருமடங்காக்கினால் வாயின் சுற்றளவு இருமடங்காகும். வாயின் பரப்போ நான்கு மடங்காகும். உயரமும் முன்பே வரையறுக்கப்பட்டது. அடிக்குச் செலவானது போக எஞ்சிய ஓலை நீளமே சுவரின் உயரத்திற்கு எல்லை. எனவே பெரிய பெட்டி வேண்டுமெனில் நீண்ட ஓலையோ இழை ஒட்டும் திறமோ தேவை. அதன் எடைதாங்கும் வலுவுக்கு நார் பொத்த வேண்டும். கடகம் தனிப்பெயரும் தனி வினைச்சொல்லும் பெற்றதன் பின்னணி இதுவே எனக் கருதலாம். இத்தனை கொள்ளும் பெட்டி எனக் கேட்டவுடன் இத்தனை இழை எனக் கை எண்ணத் தொடங்குகிறது. அளவுகோல் இன்றிக் கொள்ளளவை எண்ணிக்கையாக மாற்றும் இவ்வறிவை வடிவியல் என்று அழைப்பதில் மிகையில்லை. முடைவோர் அதனை அப்பெயரால் அழைப்பதில்லை, அவ்வளவே.

மூலப்பொருளின் நுட்பமும் சிறியதன்று. பனையின் உச்சியில் விரியாது நிற்கும் இளம் ஓலை குருத்தோலை; விரிந்து முற்றியது சார்வோலை. முன்னது மென்மையும் வெளிர்நிறமும் உடையது; சாயம் ஏற்பது; நுண்ணிய இழையாக வார்வதற்கு இசைவது. பின்னது வலியது, நிறம் மங்கியது. வெட்டிய ஓலையை வெயிலில் உலர்த்தி, நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, சாயமிட வேண்டியவற்றைச் சாயமிட்டு, முடையும்போது ஈரப்பதம் ஊட்டுவர். காய்ந்த ஓலை மடிப்பில் முறியும். ஈரம் மிகுந்த ஓலையில் முடைந்தால் உலர்ந்தபின் பின்னல் தளரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தை விரலே அறியும்.

ஆச்சியர் முடைந்த கொட்டான்

செட்டிநாடு எனப்படுவது இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிய நகரத்தார் ஊர்களின் தொகுதியாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தார் ஆடவர் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித்தொழிலும் வணிகமும் நடத்தினர். பெருவீடுகளின் அன்றாட ஆட்சி பெண்களிடம் இருந்தது. அவ்வீட்டுப் பெண்களாகிய ஆச்சியர் ஓய்வு நேரத்தில் முடைந்த சிறு ஓலைக்கலமே கொட்டான்.

கொட்டான் விற்பனைக்கென முடையப்பட்டதன்று. திருமணம், அறுபதாம் ஆண்டு நிறைவு, புதுமனை புகுதல் முதலிய நிகழ்வுகளில் வெற்றிலை பாக்கு, பழம், பலகாரம் ஆகியவற்றை இட்டு உறவினர்க்கு அளிக்கும் கலமாக அது பயன்பட்டது. குங்குமமும் திருநீறும் வைக்கும் மிகச் சிறிய கொட்டான் முதல் பலகாரம் நிறைக்கும் பெரியது வரை அளவுகள் வேறுபட்டன. வண்ண இழைகளால் கட்டமும் சாய்கட்டமும் அமைத்தல், விளிம்பிலும் மூடுதுணியிலும் கம்பளி நூலால் கொக்கிப் பின்னல் இடுதல், பாசிமணி கோத்தல் ஆகியவை அதன் அணிகள். பெயரின் முதலெழுத்தைப் பின்னி வைப்பதும் உண்டு. ஐரோப்பியப் பெண்கல்வி வழியாகப் பரவிய கொக்கிப் பின்னலும் உள்ளூர்ப் பனையோலையும் ஒரே கலத்தில் இணைந்தமை குறிப்பிடத்தக்கது. தூய தொன்மையை மட்டுமே மரபாகக் கொள்வோர் இக்கம்பளி நூலைக் கண்டு சங்கடப்படக்கூடும். ஆனால் கொட்டானைக் கொட்டானாக்கியது அந்தக் கலப்புத்தான். ஓலைப்பெட்டி தென்மாவட்டமெங்கும் உண்டு. அதன் விளிம்பில் மணி கோத்து முதலெழுத்துப் பொறித்தது செட்டிநாட்டு வீடு.

இங்குச் சமூக நிலை ஒன்றையும் கருத வேண்டும். முடைதல் பொதுவாகத் தமிழ்ச் சமூகத்தில் உயர்வாக மதிக்கப்பட்ட தொழிலன்று. கூலிக்கோ தானியத்திற்கோ கூடை முடைந்தோர் ஊரின் ஓரத்தில் வாழ்ந்தனர். அதே செயலைச் செல்வமிக்க வீட்டின் பெண்கள் செய்தபோது அது பொழுதுபோக்கும் கலையும் ஆயிற்று. கைவினை என்றும் தொழில் என்றும் நாம் பிரித்து வழங்கும் சொற்கள் செயலின் இயல்பைக் காட்டிலும் செய்பவரின் நிலையைப் பொறுத்து அமைவதற்குக் கொட்டான் தெளிவான சான்று.

கை மாறிய கலை

1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், விடுதலைக்குப் பின் பர்மிய அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கியதும் நகரத்தாரின் கடல்கடந்த பொருளியலைச் சிதைத்தன. குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்தன, பெருவீடுகள் பூட்டப்பட்டன. எவர்சில்வரும் நெகிழியும் விழாக் கலங்களாக நுழைந்தன. தாய் மகளுக்குக் கற்பிக்கும் தொடர் அறுந்ததால் கொட்டான் முடைதல் முதியோர் சிலரின் நினைவாகச் சுருங்கிற்று.

விசாலாட்சி ராமசாமி நிறுவிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை இதனை மீட்டெடுத்தது. பழைய கொட்டான்களைத் திரட்டி, முடையத் தெரிந்தவர்களைக் கொண்டு சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் நகரத்தார் அல்லாத பிற சமூகப் பெண்கள். இன்று கொட்டான் எனச் சந்தைக்கு வருவது அவர்களுடைய கைவேலை.

இம்மாற்றத்தை இழப்பு என்று மட்டும் காண்பது பிழையாகும். ஆச்சி தன் வீட்டு விழாவுக்கு முடைந்தபோது அவள் செலவிட்ட பொழுதுக்கு விலை இல்லை. இன்று முடையும் பெண்ணுக்கு அப்பொழுது வருமானம். வேளாண் கூலியும் நூறு நாள் வேலையும் தவிர வேறு வாய்ப்பு அரிதான வறண்ட பகுதியில் நிழலில் அமர்ந்து செய்யும் கைவேலைக்கு உள்ள மதிப்பைக் குறைத்து எண்ணலாகாது. அதேவேளையில் பயன்பாட்டின் தன்மையும் மாறிற்று. முன்பு முடைந்தவளும் அளித்தவளும் ஒருத்தியே. முதலெழுத்து அவளுடையது அல்லது அவள் மகளுடையது. இப்போது முடைபவர் அளிப்பதில்லை; அளிப்பவர் முடைவதில்லை. பொறிக்கப்படும் எழுத்து வாங்குவோர் கேட்கும் எழுத்து. மணவிழாக்களில் தாம்பூலப் பையின் இடத்தைக் கொட்டான் பெறும்போது கலம் மீண்டும் இரு வீடுகளுக்கு இடையே நடமாடுகிறது என்பது உண்மை. ஆனால் முடைந்த கை அவ்வுறவுக்கு வெளியே நிற்கிறது. அடியின் இழைகளை எண்ணும் அறிவு மட்டும் பழைய கையிலிருந்து புதிய கைக்குக் குறைவின்றி வந்து சேர்ந்துள்ளது. ஆகவே கொட்டான் மரபில் தொடர்வது எது என வினவினால், சமூக உரிமையோ சடங்குப் பொருளோ அன்று, முடைதல் அறிவே என்பது விடையாகும்.

இரு வரையறைகள்

மரபுரிமையைக் காக்கும் ஏற்பாடுகள் இவ்விடையோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பது அடுத்த வினா. இந்தியாவில் கொட்டானுக்குக் கிடைத்த பாதுகாப்பு, 1999ஆம் ஆண்டின் பொருள்களின் புவிசார் குறியீடுகள் (பதிவு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் வழிப்பட்டது. 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் பதிவகம் சென்னையில் உள்ளது. ஒரு பொருளின் தரமோ புகழோ பிற தனித்தன்மையோ அது தோன்றிய இடத்தைச் சார்ந்தது என நிறுவப்படுமானால் அப்பெயரைப் பதியலாம். செய்பொருளாயின் உற்பத்தி, பதப்படுத்துதல், ஆயத்தம் செய்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அவ்விடத்தில் நிகழ்ந்தால் போதும். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம்.

இவ்வரையறையின் நடுவே இருப்பவை பொருளும் இடமும். முடைபவர் எந்தச் சமூகத்தவர், எவரிடம் கற்றவர் என்று சட்டம் கேட்பதில்லை. கை மாறிய கலைக்கு இது ஒருவகையில் நன்மையே. சாதி வழி உரிமை கோர இங்கு இடமில்லை. பகுதியில் முடையும் எவரும் அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநராகப் பதிந்துகொள்ளலாம். அதற்கான கட்டணம் 500 ரூபாயாக இருந்தது; 2020ஆம் ஆண்டு விதித் திருத்தம் அதனை 10 ரூபாயாகக் குறைத்தது. ஆயினும் சட்டத்தின் இரண்டாம் பிரிவு தரும் உற்பத்தியாளர் என்னும் சொல்லின் விளக்கம் ஊன்றிப் படிக்கத்தக்கது. கைவினைப் பொருளைப் பொறுத்தவரை, செய்பவரோடு அதில் வணிகம் செய்பவரும் உற்பத்தியாளராகவே கொள்ளப்படுகிறார். முடைபவரும் விற்பவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கும்போது, பெயரின் பயன் யாரைச் சென்றடையும் என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை. அவர்களிடையே உள்ள பேர வலிமை தீர்மானிக்கிறது.

யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை மாறான திசையிலிருந்து தொடங்குகிறது. தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுரிமையைக் காப்பதற்கான அவ்வுடன்படிக்கையில் மரபுரிமை என்பது முதலில் நடைமுறை, அறிவு, திறன்; அவற்றோடு தொடர்புடைய கருவிகளும் பொருள்களும் அடுத்தே வருகின்றன. மரபுக் கைவினைத்திறன் அது கூறும் ஐந்து துறைகளுள் ஒன்று. இந்தியா 2005இல் இதனை ஏற்றது. இவ்வரையறையின்படி கொட்டானைக் காட்சிப் பேழையில் வைப்பதைவிட இழை எண்ணக் கற்பிப்பதே மரபுரிமைக் காப்பு. நடைமுறையில் இவ்வுடன்படிக்கை சிற்றூர் முடைவோருக்கு நேரடி உரிமை எதையும் தருவதில்லை. அரசுகளின் கடமையாகவே அது அமைந்துள்ளது. வழக்குமன்றத்தில் நிற்கக்கூடிய உரிமை பொருளைச் சார்ந்த சட்டத்தில்தான் உள்ளது.

இவ்விரு வரையறைகளுக்கும் எட்டாத முடைவோர் பலர் உளர். மூங்கில் முடையும் சமூகங்களின் வரலாறு இதற்குச் சான்று. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் குறவரும் மேதரவரும் கூடை முடைவோராகக் குறிக்கப்படுகின்றனர். ஊர் ஊராகச் சென்று கூடையும் முறமும் விற்பது அவர்தம் பிழைப்பு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்திலும் செயல்படத் தொடங்கியபோது குறவர் பிரிவுகள் பல அதன்கீழ் அறிவிக்கப்பட்டன. முடைந்ததை விற்க நடந்த நடையே ஐயத்திற்குக் காரணமாயிற்று. 1952இல் அச்சட்டம் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. பெயரில் ஒட்டிய இழிவு அவ்வளவு விரைவில் நீங்கவில்லை. அவர்கள் முடைந்த அன்னக்கூடையும் முறமும் தமிழகத்தின் எந்த வீட்டிலும் இருந்தவை. எங்கும் இருந்ததாலேயே அவை எந்த இடத்திற்கும் உரியனவாகவில்லை. ஓரிடத்தின் புகழோடு பிணைந்த பொருளுக்கே புவிசார் குறியீடு உண்டாதலின், ஊர் ஊராகச் சென்றோரின் கலை அவ்வரையறைக்குள் நுழைவது அரிது. விழாக் கலம் மரபுரிமையாயிற்று; உழைப்புக் கலம் மூலையில் கிடக்கும் பழம்பொருளாயிற்று. இரண்டுக்கும் வேண்டிய அறிவின் அளவில் ஏற்றத்தாழ்வு இல்லை.

நெகிழிக் கம்பிக் கூடையை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். சிவன் கண், நெல்லிக்காய் என முடிச்சுகளுக்குப் பெயர் சூட்டி, வீட்டுத் திண்ணையில் பெண்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுப் பரப்பிய கலை அது. எந்த நிறுவனமும் பயிற்றுவிக்கவில்லை. மூலப்பொருள் நெகிழி என்பதால் மரபு பற்றிய ஆய்வுகள் அதனைக் கணக்கில் கொள்ளத் தயங்குகின்றன. அறிவைக் கொண்டு மரபை வரையறுத்தால் இத்தயக்கத்திற்கு இடமில்லை.

ஓலையின் எல்லை

முடைதல் அறிவு கைமாறிக் காக்கப்பட்டாலும் ஓலை இன்றிக் கொட்டான் இல்லை. பனைக்கு ஒரே வளர்முனை. கிளை விட்டு ஈடுசெய்யும் இயல்பு அதற்கு இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டசன் ஓலைகளே புதிதாக விரிகின்றன. குருத்தை அளவின்றி வெட்டினால் மரத்தின் வளர்ச்சி குன்றும். ஓங்கி வளர்ந்த மரத்தில் ஏறப் பழகிய கால் வேண்டும். ஏறுவோர் அருகி வருவதால் எட்டும் உயரத்தில் நிற்கும் வடலிகளின் குருத்தே பெரிதும் நாடப்படுகிறது. முதிர்ந்த மரத்தினும் இளம் வடலிக்கே இவ்வெட்டு கூடுதல் சுமை.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021இல் வெளியிடப்பட்ட தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என அறிவித்தது. பனைவிதை நடவுக்கும் வழி செய்தது. இன்று ஊன்றும் விதை வடலியாகிப் பயன்தரும் மரமாவதற்குப் பத்தாண்டுக்கு மேல் செல்லும். 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் விதிக்கப்பட்ட தடை ஓலைக்கலங்களின் பால் கவனத்தைத் திருப்பியது. தேவை பெருகினால் குருத்தின் மேல் விழும் வெட்டும் பெருகும். முடைவோர்க்குப் பயிற்சி அளிக்கும் திட்டங்கள் ஓலை வெட்டுவோரையும் சேர்த்து எண்ணுவதில்லை. எந்தப் பருவத்தில் எந்தக் குருத்தை எடுப்பது, ஒரு வடலியில் எத்தனை ஓலையை விட்டுவைப்பது என்பவற்றை அறிந்தவர் அவரே. புவிசார் குறியீட்டுச் சட்டம் கொட்டானை விற்பவரை உற்பத்தியாளர் என ஏற்கிறது. ஓலை வெட்டிக் கொடுப்பவர் அவ்விளக்கத்தில் இடம்பெறவில்லை. அவருடைய கூலி, ஓலைக்கட்டின் விலையில் பேசித் தீர்க்கப்படும் ஒரு தொகையாக மட்டுமே இன்றும் இருக்கிறது.